இது எந்த வண்டி?

இடைவேளை மணி அடித்ததும் எங்கள் கல்லூரி வேப்பமர நிழலில் மாணவர் நால்வர் ஐவர் கூடிவிடுவர். அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவன் ஏதோவொரு மோட்டார் வண்டியின் படத்தை அச்செடுத்துக் கொண்டுவருவான். அதை உள்ளங்கையால் மூடி, விளக்கின் ஓரத்தையோ கதவின் கைப்பிடியையோ மாத்திரம் தெரியவிட்டு, "இது எந்த வண்டி?" என்று கேட்பான். விடை சொல்லத் தவறியவன் மறுநாள் எல்லாருக்கும் வடை வாங்கித்தர வேண்டும். அவ்வழியே போகும்போது நானும் எட்டிப் பார்ப்பதுண்டு. பார்த்துத் தோற்பதும் உண்டு.

தோற்பதற்குக் காரணம், அவர்கள் காட்டும் படங்களிற் பாதி தெருவில் ஓடாத வண்டிகள். விற்பதற்கென்றல்லாமல், கண்காட்சியில் நிறுத்திப் பிறரை வியக்க வைப்பதற்கென்றே ஒன்றே ஒன்றாகச் செய்யப்படும் 'கொன்செப்ற்' கார்கள் அவை. இவ்வகைக்கு முன்னோடி என்று சொல்லப்படுவது 1938ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தில் ஹார்லி ஏர்ல் என்பவர் வடிவமைத்த பியூக் வை-ஜொப் என்னும் கார். முகப்பு விளக்குகளை இமை மூடினாற்போல் உள்ளே மறைத்துக்கொள்ளும் வித்தை அதற்குத் தெரியும். நம் நாட்டிலேயே 'வேகா' என்ற பெயரில் மின்சார ஓட்டக் கார் ஒன்றை வடிவமைத்திருக்கிறார்கள் என்பதை ஒரு மாணவன் சொல்லித்தான் நான் அறிந்தேன். அன்றைக்கு வடைக்காசு என்னுடையது.

ஆனால் பழைய வண்டி என்றால் கதை வேறு. நான் அவ்வளவு எளிதில் தோற்கமாட்டேன். 1990களில், நான் சிறுவனாக இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத தடை இருந்தது. அப்போது நவீன கார்களெல்லாம் கொட்டிலுக்குள் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. முப்பது நாற்பது வருடத்துக் கிழங்களான ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் வெளியே வந்து மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே வைத்தியசாலைச் சேலைன் போத்தல் ஒன்றைக் கட்டித் தூக்கி, அதிலிருந்து குழாய் வழியே சிறிது பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விடுவர்; இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவர். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களே இந்தப் பத்தியச் சாப்பாட்டைத் தாங்கின. வெள்ளைப் புகையும் அந்த மணமும் இன்றும் நினைவில் உண்டு. ஒழுங்கையில் வரும் கார் எதுவென்று சத்தத்தைக் கொண்டே சொல்லும் பழக்கம் அந்நாளில் எனக்கு வந்தது. அந்த வித்தைமீது கொஞ்சம் கர்வமும் வந்தது. அந்தக் கர்வமே சென்ற மாதம் என்னைத் தலைகுனிய வைத்தது.

உப்புக்குளத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன், மற்றவர் போனபின் தயங்கி நின்று, ஒரு சிறு படத்தை எடுத்து நீட்டினான். கறுப்பு வெள்ளைப் படம். ஓரங்கள் கடல்நீர் பட்டுப் பழுத்திருந்தன.

"சேர், இது விளையாட்டுக்கில்ல. எங்கட மூத்தவாப்பாட லொறி. என்ன லொறி, எந்த வருசத்துப் படம் எண்டு பாத்துச் சொல்லுவீங்களா?"

சாரமும் கோட்டும் தொப்பியுமாக ஒரு மெலிந்த மனிதர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு லொறியின் முன்பாதி: ஒரு மட்காட், அதன்மேல் ஒரு விளக்கு, பிறகு பலகையாலான பக்கச் சுவர். 1990 ஒக்ரோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, இந்தக் குடும்பமும் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரைக்குப் போயிற்று. காணி உறுதி, கலியாணப் பதிவு, லொறியின் பதிவுப் புத்தகம் எல்லாம் வீட்டோடு போயின. குர்ஆன் வைத்திருந்த துணிப்பைக்குள் இருந்தபடியால் இந்தப் படம் மாத்திரம் தப்பியது.

இதில் ஒரு வழக்கும் இருந்தது. லொறிக்காரர் மௌத்தாகி நாற்பது வருடமாகிவிட்டது. பையனின் மூத்தம்மாவுக்கு வயது எண்பத்தேழு. 1955ஆம் ஆண்டில் கலியாணம் நடந்து, சில காலத்துக்குப் பின் தம்முடைய காப்பு நான்கையும் விற்றுக் கணவருக்கு இந்த லொறியை வாங்கிக் கொடுத்ததாக அவர் சொல்கிறார். கணவரின் தம்பி குடும்பத்தாரோ இதை ஒப்புவதில்லை. லொறி எருக்கலம்பிட்டி முதலாளி ஒருவருடையது. அவர் கூலிக்கு ஓட்டிய சாரதி. படம் கலியாணத்துக்கு முந்தியது. காப்பு விற்ற காசு எங்கே போயிற்றோ யார் கண்டார் என்பது அவர்கள் பக்கத்துச் சொல். கலியாண வீட்டிலும் பெருநாளிலும் அரைச்சிரிப்போடு இந்தப் பேச்சு எழும்பாமல் போனதில்லையாம்.

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னேன்.

"இது பெட்போர்ட் ஓ வகை. மட்காட்டுக்கு மேலே விளக்குத் தனியாக நிற்கிறது பார். 1939இல் வந்த வடிவம். 1953இல் ஏ வகை பெட்போர்ட் வந்தபோது விளக்கு மட்காட்டுக்குள் போய்விட்டது. இலக்கத் தகட்டைப் பார், இரண்டு ஆங்கில எழுத்து. ஆகவே இது 1953க்கு முற்பட்டது."

பையன் வணங்கிவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து அவனை மறித்து, "மூத்தம்மா என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் பேசல்ல சேர். படத்த வாங்கிப் பெட்டிக்குள்ள வச்சிட்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1953 என்றால் கலியாணத்துக்கு முந்தியது. அந்த மூதாட்டிக்கு எதிராக நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். அதுவும் பிழையான சாட்சி. லொறி எந்த வருடத்தில் செய்யப்பட்டது என்பதையல்லவா நான் சொன்னேன்? படம் எந்த வருடத்தில் எடுக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. நாயக்கர் காலத்துக் கோயிலின் முன்னே நின்று நேற்றுப் படமெடுத்தவர் நாயக்கர் காலத்தவராகிவிடுவாரா? வரலாறு படிப்பிக்கும் எனக்கே இது தவறியது.

வண்டியை இனங்காண்பதில் இப்படிச் சறுக்கும் இடங்கள் பல. 1950களின் இறுதியில் பிரித்தானிய மோட்டோர் கோப்பரேசன் ஒரே உடலுக்கு ஐந்து பெயர் சூட்டி விற்றது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், எம்.ஜீ. மக்னெற், றைலி, வூல்ஸ்லி ஆகிய ஐந்தும் இத்தாலியப் பினின்பரினா வரைந்த ஒரே வாலுடைய சகோதரர்கள். முகத்து அழியை மறைத்துவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. இதற்கு நேர்மாறானது மற்றொன்று. இந்தியாவின் அம்பாசடர் காரைப் பார்த்து, 'இது 1950களின் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்' என்று சொன்னால் உடலைப் பொறுத்தவரை சரி. ஆனால் அந்த உடல் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை வார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது. முகத்தை வைத்து வயது சொன்னால் அறுபது வருடம் பிசகும்.

நம்முடைய வடபுலத்து வண்டிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். தட்டிவானைப் பாருங்கள். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிப் பெயர்பெற்ற அந்த வண்டி உலகத்தின் எந்தக் கார் புத்தகத்திலும் இல்லை. அடிச்சட்டமும் இயந்திரமும் சீமையிலிருந்து வந்தவை. மேலே உள்ள உடல் எங்கள் ஊர்த் தச்சரின் கைவேலை. பின்புறத்தில் சங்கிலியில் தொங்கும் தட்டியை இறக்கினால் வாழைக்குலையும் மரக்கறிக் கடகமும் சைக்கிளும் ஏறும். அதனால்தான் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் ஒருவனிடம் படத்தைக் காட்டி, இது எந்த வண்டி என்று கேட்டால், அவன் சக்கரத்தைப் பார்த்துச் சீமைக் கம்பனி ஒன்றின் பெயரைச் சொல்லுவான். கொடிகாமத்துச் சந்தையில் கேட்டால் தட்டிவான் என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

எங்கள் உப்புக்குளத் தெருவில் நாள்தோறும் மீன் பெட்டியையும் வலையையும் ஏற்றிப் போகும் இருசில்லு உழவு இயந்திரமும் அப்படித்தான். இயந்திரத்தில் எழுதியிருப்பது யப்பானியப் பெயராகவோ சீனப் பெயராகவோ இருக்கும். ஓட்டுபவரைக் கேட்டால் 'லாண்ட்மாஸ்டர்' என்பார். லாண்ட்மாஸ்டர் என்பது இங்கிலாந்தில் நொட்டிங்காம் பக்கத்தில் இருந்த கம்பனியின் பெயர். அந்தக் கம்பனிக்காக 1950களில் இருசில்லு இயந்திரத்தை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்த்தன. 1924இல் பிறந்து 2010இல் மறைந்த அவர், விமானமும் செய்து பறந்தவர்; 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்க்கப்பல் ஓட்டியவர். வேளாண்மையை இயந்திரமாக்கப் புறப்பட்டு எருமையை மட்டும் இயந்திரமாக்கிவிட்டோமே என்று பிற்காலத்தில் தம்மையே குறைகூறிக்கொண்ட அபூர்வமான மனிதரும் அவரே. அவருடைய கம்பனி வண்டி தெருவில் இல்லை. பெயர் மாத்திரம் வேறு வண்டிகளின்மேல் ஏறி ஓடிக்கொண்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லத் தெரிந்த நான், ஒரு விளக்கைப் பார்த்துவிட்டு மற்றதைப் பாராமல் விட்டேன். வெட்கத்தோடு அந்த வெள்ளிக்கிழமை மாலை, உருப்பெருக்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பையனின் வீட்டுக்குப் போனேன். மூதாட்டி தலையில் முக்காடோடு திண்ணையில் இருந்தார்.

"வாங்க மாஸ்டர். லொறி எங்கட இல்லையெண்டு சொன்னீங்களாமே" என்றார். கோபம் இல்லை; களைப்புத்தான் இருந்தது.

"அப்படிச் சொல்லவில்லை உம்மா. படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. இன்னொருதரம் தாருங்கள்" என்றேன்.

லொறியை விட்டுவிட்டு, படத்தின் மற்ற மூலைகளைப் பார்க்கத் தொடங்கினேன். இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்து இருந்தது உண்மையே. ஈ.எல்., ஈ.என். என்றவாறு வந்த அந்தப் பழைய எழுத்துக்களுக்குப் பதிலாக, 1957 முதல் புதிதாகப் பதிவான வண்டிகளுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. அதை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் நடந்த போராட்டத்தை நேயர்கள் அறிவர். ஆனால் முன்னமே பதிவான வண்டிகள் பழைய எழுத்தோடுதான் ஓடின. ஆகவே தகடு சொல்வது இவ்வளவே: லொறி 1957க்குமுன் யாரோ ஒருவர் பெயரில் பதிவாயிருக்கிறது. அது கைமாறி வாங்கிய லொறியாக இருக்கலாம். நான்கு காப்பு விற்ற காசில் புது லொறி எங்கே வாங்குவது?

பிறகு வலது ஓரத்துக்கு வந்தேன். பழுத்துப்போன அந்த ஓரத்தில், தெருவின் மறுகரையில், பெருவிரல் நகத்தளவில் ஒரு சிறு கார் நின்றது. முதல் நாள் அதை நான் கவனிக்கவே இல்லை. வட்ட முகம், முதுகு வளைந்த உருவம். மொறிஸ் மைனர். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1948இல் வெளிவந்த இந்தக் காருக்கு ஒரு பிறவி அடையாளம் உண்டு. வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறதென்று கண்டு, அதை நெடுக்காக இரண்டாய் அறுத்து, நாலு அங்குலம் விலக்கிப் பார்த்து, 'இதுதான் அளவு' என்றாராம். அந்த நாலு அங்குலம் பொனற்றின் நடுவே தட்டையான ஒரு பட்டையாகக் கடைசிவரை நின்றுவிட்டது. நம் நாட்டுக்கு மிகவும் பழகிய கார் இது. பிற்காலத்தில் இதற்கான உதிரிப் பாகங்களை இங்கே செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

ஆனால் எனக்கு வேண்டியது பொனற் அல்ல, முன்கண்ணாடி. ஆரம்பகால மைனர்களின் முன்கண்ணாடி இரண்டு துண்டு. நடுவில் ஒரு கம்பி நிற்கும். 1956இன் பிற்பகுதியில் 'மைனர் 1000' வந்தபோதுதான் கம்பி போய், வளைந்த ஒரே கண்ணாடி வந்தது. நான் கண்ணாடியை நெருக்கியும் விலக்கியும் பார்த்தேன். கம்பி இல்லை. என் கண்ணை நம்பாமல் பையனிடம் கொடுத்தேன். அவன் தன் கைத்தொலைபேசியால் அதைப் படமெடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, "ஒரே கண்ணாடி சேர்" என்றான். காலை வெயில் இடமிருந்து வலமாக ஒரே கோடாக அதில் மின்னியது, நடுவில் அறுபடவில்லை.

1956இன் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வெளிவந்த கார் கப்பலேறி, கொழும்பில் விலைப்பட்டு, மன்னார்த் தெருவில் வந்து நிற்பதற்குள் 1957 பிறந்திருக்கும். கலியாணம் 1955இல். ஆகவே படம் கலியாணத்துக்குப் பிந்தியது. தம்பி வீட்டாரின் கதையில் ஒரு கால் முறிந்தது.

மற்றக் கால் யாருடைய லொறி என்பது. எழுபது வயதுள்ள படத்திடம் அதைக் கேட்க முடியுமா என்று தயங்கினேன். அப்போதுதான் பலகைச் சுவர் நினைவுக்கு வந்தது. நம் நாட்டு லொறிகளின் பக்கத்தில் உரிமையாளரின் பெயரும் ஊரும் லொறியின் நிறையும் எழுதியிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இந்தப் பலகையிலும் வெள்ளைச் சாயத்தில் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரியில் முதலெழுத்து ஒன்றும் ஒரு புள்ளியும் மட்டுமே தெரிந்தன. எஞ்சியதை மறைத்துக்கொண்டு நின்றது அந்த மனிதரின் தோள். இரண்டாம் வரி பாதி தெரிந்தது. மூன்றாவது நிறை, அது வாசிக்க முடியாதபடி மங்கியிருந்தது.

இரண்டாம் வரி ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். "...க்குளம், மன்னார்."

"உம்மா, எருக்கலம்பிட்டி முதலாளி உப்புக்குளத்தில் எப்போதாவது குடியிருந்தாரா?"

"இல்ல மாஸ்டர். அவர் மௌத்தாகும்வரைக்கும் எருக்கலம்பிட்டிதான்."

குளம் என்று முடியும் ஊர்கள் மன்னார் மாவட்டத்தில் பல உண்டு. வழக்கு மன்றத்தில் இது போதுமா என்றால் போதாது. கெட்டிக்கார வக்கீல் ஒருவர் பெரியநாவற்குளத்தைக் கொண்டுவந்து நிறுத்தலாம். அதையும் நான் அவரிடம் மறைக்கவில்லை. ஆனால் எருக்கலம்பிட்டி குளத்தில் முடிவதில்லை என்பதையும் சொன்னேன். பையன் அதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்துவிட்டு, மூத்தம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அறுபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் குர்ஆன் பையில் வைத்துக் காத்த படத்தில் தம் ஊர்ப்பெயர் எழுதியிருப்பதை அவர் அறிந்திருக்கவில்லை. வீட்டில் ஆங்கிலம் படித்தவர்களும் மனிதரைப் பார்த்தார்களேயன்றிப் பலகையைப் பார்க்கவில்லை. என்னைப்போல் லொறியைப் பார்த்தவர்களும் அப்படியே.

"எந்த இடத்தில எழுதியிரிக்கு?" என்று கேட்டார்.

அவர் விரலைப் பிடித்து இரண்டாம் வரியில் வைத்தான் பையன். விரல் அந்த வரியின்மேல் மெல்ல நகர்ந்து, கோட்டின் ஓரத்தில் வந்து நின்றது.

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல பேர் இரிக்கு மூத்தம்மா. மூத்தவாப்பா மறைச்சிக்கிட்டு நிக்கிறார்."

"எப்பவும் அப்பிடித்தான்" என்றார். பிறகு, உள்ளே போய் எங்களுக்குத் தேநீர் வைக்கச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டார்.